உப்புக் கூடிய முதற்பதிப்பு

நேற்று மில்லிக்கனில் பல்வைத்தியரிடம் போயிருந்தேன். நேரத்தோடு போய்விட்டதால் அதே பிளாசாவில் இருந்த பழைய சாமான் கடைக்குள் நுழைந்தேன். புத்தகத் தட்டில் அப்பிள் பை படம் போட்ட ஓர் அமெரிக்கச் சமையல் புத்தகம் கிடந்தது. கையில் எடுத்ததும் நான் படத்தைப் பார்க்கவில்லை. மேலுறையைக் கழற்றினேன். என் பெருவிரல் தானாகவே பின்னட்டையின் கீழ்மூலைக்குப் போய்த் தடவியது. அங்கே இருந்தது, நகத்தால் அழுத்தி எடுத்ததுபோல ஒரு சின்னக் குழி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லாவில் நின்ற பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் எனக்கும் கையிலை இருக்கிற, சின்னனிலை போட்ட ஊசித் தழும்புதான் உது," என்று நீ அந்தக் குழிக்குப் பெயர் வைத்திருந்தாய். அமெரிக்காவில் புத்தகச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சடித்த புத்தகங்களில் அந்தத் தழும்பு இருக்கும். உள்ளே 'முதற்பதிப்பு' என்று எழுதியிருந்தாலும், தழும்பு இருந்தால் அது முதற்பதிப்பு இல்லை. இதை நாங்கள் அறிந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான் சிரித்தேன்.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் நீயும் நானும் ஒரே மேசையில் நின்று வேலை செய்தோம். இரண்டு பேருக்கும் வீடு மல்வேர்னில். உன்னிடம் கார் இருந்தது, எனக்கு வழி தெரிந்திருந்தது, அப்படித்தான் சிநேகிதமானோம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கேக் தட்டு வாங்கவென்று வழியில் ஒரு கடையில் நிறுத்தினாய். தட்டு கிடைக்கவில்லை. ஒரு பழைய அமெரிக்கச் சமையல் புத்தகத்தோடு வெளியே வந்தாய். காருக்குள் இருந்து அதைப் புரட்டியவள் திடீரென்று என் கையைப் பிடித்தாய்.

"எடி, உதிலை முதற்பதிப்பெண்டு போட்டுக் கிடக்கு."

"அதுக்கு என்ன இப்ப?"

"முதல் எண்டா முதல்தானே. நல்ல விலை போகும்."

அடுத்த சனிக்கிழமை அதை ஒரு சுத்தமான துவாயில் சுற்றி, நகரத்தின் நடுவே பழைய புத்தகம் விற்கும் ஒரு மனிதரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்னட்டையை விரலால் தடவிவிட்டு, உன் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். புத்தகச் சங்கப் பிரதி என்றார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நீயோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உன் உடைந்த ஆங்கிலத்தில், "அப்படியென்றால் உண்மையானது எப்படி இருக்கும்? ஒன்றைக் காட்டுங்கள்," என்று கேட்டாய். மனிதருக்கு உன்னைப் பிடித்துவிட்டது. கடை பூட்டும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் வீட்டு வாசல்களில் பழையது விற்கும் கராஜ் சேல்களுக்கும் தேவாலய விற்பனைகளுக்கும் போயின. தலைப்புப் பக்கத்தைப் புரட்டி அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில புத்தகங்களில் அங்கே எண்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று என்ற எண் இன்னும் நின்றால் அது அநேகமாக முதல் அச்சு. அதைவிடப் பழைய புத்தகங்களுக்கு அந்த வரிசையே கிடையாது. பலதுக்குத் தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டும் பின்பக்கத்தில் உள்ள ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சில பதிப்பகங்கள் ஓர் எழுத்தை மட்டும் போடும், சில ஒன்றுமே போடாது. ஒரு பதிப்பகத்துக்கு ஒரு வழக்கம். "முகத்தைப் பார்க்காதை, முதுகைப் பார்," என்று நீ பாட்டாகவே படிப்பாய். எத்தனையோ தரம் பிழைவிட்டோம். மேலுறை பளபளவென்று இருந்ததால் ஏமாந்து, பிறகு விலை அச்சிட்ட மூலையே அதில் இல்லை, அதுவும் சங்கப் பிரதிதான் என்று கண்டு, காருக்குள் இருந்து வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். வாங்கியதை நாங்கள் விற்றதில்லை. உண்மையானது ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும். அதுதான் எங்கள் கொண்டாட்டம்.

டோரதி அன்ரி உன் மாடியில், மின்தூக்கிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தா. ஒஹாயோவில் பிறந்து, கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தவ. எண்பது வயதைத் தாண்டியவ. இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மங்கிப்போய், ஆட்களின் தலைமயிரும் தோளும் தெரியும், முகம் தெரியாது. நீ அவவுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன்குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பாய். உறைப்புத் தாங்காமல் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவா. ஒருநாள் நீ எங்கள் புத்தகப் பைத்தியத்தைப் பற்றி அவவுக்குச் சொல்லியிருக்கிறாய். அவ சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தன் அம்மாவும் ஒரு சமையல் புத்தகம் எழுதியவ என்று சொன்னா.

சின்ன ஊர், சின்னப் பதிப்பகம். டோரதி அன்ரி பள்ளிக்கூடம் தொடங்கிய நேரத்தில் வந்த புத்தகம். முன்பக்கத்தில் அம்மா அந்தப் புத்தகத்தை மகளுக்குச் சமர்ப்பித்து இரண்டு வரி அச்சிட்டிருந்தாவாம். அவவிடம் இருந்த பிரதி, குழாய் வெடித்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப் போய்விட்டது. பிறகு மகன் இணையத்தில் தேடி, முதற்பதிப்பு என்று போட்டிருந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் அந்தப் பக்கம் இல்லை. அந்த இடத்தில் அளவுகளின் அட்டவணைதான் இருந்தது. மகன் கெட்டவரில்லை. ஆனால், "அம்மா, அது நீங்கள் கற்பனை செய்ததாக இருக்கும்," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவ அந்தக் கதையை எடுக்கவே இல்லையாம். தனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றும் உன்னிடம் சொன்னா.

அன்றிரவு எனக்குப் போன் எடுத்தாய். "முகம் தெரியாமல் போறது ஒரு பக்கம். தாய் தனக்கு எழுதினதையே தான் கனவு கண்டனோ எண்டு நினைக்கிறா பார், அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

"மகன் வாங்கினது முதற்பதிப்பெண்டு போட்டிருந்ததாமே?"

"போட்டவன் விக்கிறவன். நாங்கள் பாக்கேல்லைத்தானே."

அடுத்த நாளே போய்ப் பார்த்தோம். மகன் வாங்கிய பிரதியில், பின்பக்கத்தில் ஆண்டு சரியாக இருந்தது. தலைப்புப் பக்கத்தில் ஆண்டே இல்லை. நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் விளங்கியது. இது பிறகு அடித்தது. முதலில் வந்தது வேறு எங்கோ இருக்கிறது.

டோரதி அன்ரியிடம் நீ கேட்டாய்: "உங்கள் அம்மா அந்தப் புத்தகத்தைப் பற்றி வேறு ஏதாவது சொல்வாவா? கோபப்பட்டாவா?" அந்தக் கேள்வி எங்கிருந்து உனக்கு வந்ததோ தெரியாது. அவ கதிரையில் நிமிர்ந்து இருந்தா. "உப்பு," என்றா. கரும்புப்பாணி போட்டுச் செய்யும் பிஸ்கற்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்று அம்மா எழுதிக் கொடுத்திருந்தாவாம். அச்சில் மேசைக்கரண்டி என்று வந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் சுட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்களாம். இரண்டாம் அச்சில் பதிப்பகத்தார் உப்பைத் திருத்தினார்கள். இனி யாரும் கரண்டி மாறக்கூடாது என்று ஓர் அளவு அட்டவணையும் போட முடிவு செய்தார்கள். அதற்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது. சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அவவுக்கே விளங்கியது, அவர்கள் எடுத்தது முன்னால் இருந்த அந்தப் பக்கத்தைத்தான்.

"உப்புத்தான் என்னைப் புத்தகத்தை விட்டுத் துரத்தியது," என்று சொல்லி அவ சிரித்தா. நாங்கள் அறிந்து, அந்தக் கதையைச் சொல்லி அவ சிரித்தது அன்றைக்குத்தான்.

உன் வீட்டுக்கு வந்ததும் நீ அடுப்பை மூட்டினாய். ஒரு மேசைக்கரண்டி உப்பு உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று பார்க்க வேண்டுமாம். சுட்டு இறக்கினோம், வாசம் வீட்டை நிறைத்தது. ஆளுக்கொன்றைக் கடித்துவிட்டு நீயும் நானும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினோம். அந்த நேரம் பார்த்து வேலையால் வந்த உன் மனுசன் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவர் மெதுவாக விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நீ தரையில் குந்திவிட்டாய், சிரிப்பில் எழும்ப முடியவில்லை. "இவ்வளவு வருசமும் என்ரை சமையலையும் உப்பிடித்தான் சொல்லியிருக்கிறார்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேடினோம், அடுத்த கோடையிலும் தேடினோம். அதே புத்தகம் இங்கொன்றும் அங்கொன்றுமாக அகப்பட்டது. ஒவ்வொரு தரமும் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்போம், ஆண்டு இராது. பிஸ்கற் பக்கத்தைப் பார்ப்போம், தேக்கரண்டி ஒழுங்காக இருக்கும். ஆனாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வர உனக்கு மனம் வராது. எல்லாம் உன் காரின் டிக்கிக்குள் போனது. உன் மகள் ஒருநாள் சாமான் இறக்க டிக்கியைத் திறந்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மா, வை டூ யூ ஹாவ் த சேம் புக் ஸோ மெனி டைம்ஸ்?"

"ஒண்டுமே அதில்லை, பிள்ளை," என்றாய் நீ, சீரியஸாக.

கடைசியில் அது அகப்பட்டது ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்து நிலவறையில். செப்ரெம்பர் மாதத்துச் சனிக்கிழமை, வெளியே நல்ல வெயில். உள்ளே நூல் பந்துகள், தேநீர்க் கோப்பைகள், புத்தகப் பெட்டிகள். நாங்கள் பெட்டிகளைக் கிண்டிக்கொண்டிருந்தபோது நீ திடீரென்று அசையாமல் நின்றாய். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், எங்கள் வயதுதான் இருக்கும். அவவின் கூடையில் நூல் பந்துகளுக்கு நடுவே அந்தப் புத்தகம் செருகியிருந்தது. முதுகு கிழிந்து, யாரோ பசைநாடா ஒட்டியிருந்தார்கள்.

"அது அவவின்ரை, வா போவம்," என்றேன்.

"பாக்கிறதுக்குக் கேக்கலாம்தானே," என்றாய். நான் தடுக்குமுன் அவவுக்கு முன்னால் போய் நின்று, ஒருதரம் பார்த்துவிட்டுத் தரவா என்று கேட்டாய். அவ கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தா. நீ முன்னட்டையைத் திறந்தாய். தலைப்புப் பக்கத்தின் அடியில் ஆண்டு இருந்தது. புரட்டினாய், அதே ஆண்டு. அடுத்த தாளைப் பார்த்தாய். அட்டவணை இல்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. நீ வாசிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து எனக்குக் காட்டினாய்.

அந்தப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் தமிழில், மெல்ல, "ஒண்டும் சொல்லாதை. தெரிஞ்சால் தரமாட்டா," என்றேன்.

"சொல்லாமல் வேண்டினால் நான் அதை டோரதி அன்ரியின்ரை கையிலை எப்பிடிக் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, நீ அவவுக்கு எல்லாவற்றையும் சொன்னாய். மீன்குழம்பிலிருந்து தொடங்கி, தண்ணீர்க் குழாய், மகன், உப்பு, எல்லாம். இலக்கணம் தாறுமாறாகப் போனது. அவ ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டா. கேட்டு முடித்துவிட்டு, "கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெரியம்மாவிடம் இந்தப் புத்தகம் இருந்தது. எனக்கும் இதைப் பார்த்துச் சுட வேண்டும்," என்றா.

"இதைப் பார்த்துச் சுட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள்," என்றாய் நீ. "கொஞ்சம் நில்லுங்கள்."

நீ படியேறி ஓடினாய். முழங்கால் நோ என்று காலையில் முறையிட்ட ஆள். டிக்கியிலிருந்து எங்கள் பிரதிகளில் ஆகத் துப்புரவானதை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாய். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிஸ்கற் பக்கத்தைத் திறந்தாய். ஒன்றில் மேசைக்கரண்டி, மற்றதில் தேக்கரண்டி. அவ மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தா.

"எனக்கு இந்த உப்புச் சரியான புத்தகம் போதும்," என்றா. "ஆனால் கொண்டுபோக முதல் அந்த முன்பக்கத்தை எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்."

நீ வாசித்தாய். அவ புத்தகத்தை மூடி உன் கையில் வைத்தா. பிறகு, "கெதியாகக் கொண்டுபோங்கள்," என்று மட்டும் சொன்னா.

எனக்கென்றால் அந்த நிமிடமே மல்வேர்னுக்குப் பறந்து போய்க் கொடுக்க வேண்டும். நீ மாட்டேன் என்றாய். "நாளைக்கு ஞாயிறு. மகன் வருவார். அவர்தான் வாசிக்க வேணும்." அன்றைக்கு முழுக்க உனக்குள் அதை அடக்கி வைத்திருந்தாயே, அதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். உன் வாயில் பகிடியும் நிற்காது, இரகசியமும் நிற்காது.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து போனோம். மகன் வந்திருந்தார். உயரமான, வெட்கப்படுகிற மனிதர். நீ ஒன்றும் விளக்கவில்லை. புத்தகத்தை அவரின் கையில் கொடுத்து, திறந்த பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாய். அவர் ஏதோ சமையல் குறிப்பென்று நினைத்துச் சத்தமாகவே தொடங்கினார்.

"என் டோரதிக்கு. கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்பவளுக்கு."

வாசித்து முடித்த பிறகுதான் தான் என்ன வாசித்தேன் என்பது அவருக்கு விளங்கியது. திரும்ப ஒருதரம் வாசித்தார், இந்தத் தரம் மெதுவாக. பிறகு அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்து, "நீங்கள் சொன்னது சரி அம்மா. நான்தான் நம்பவில்லை," என்றார்.

டோரதி அன்ரி அவரின் தலையைத் தடவினா. அழுவா என்று நான் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அவ அழவில்லை. புத்தகத்தை மடியில் வாங்கி, அந்தத் தாளில் விரலை வைத்தா. பழைய அச்சு, எழுத்துகள் தாளில் கொஞ்சம் பதிந்திருக்கும். விரல் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "இதுதானே என் பெயர்?" என்று கேட்டா. நீ குனிந்து பார்த்தாய். கொஞ்சம் தள்ளி, 'கிண்ணம்' என்ற சொல்லில் விரல் இருந்தது. "ஓம் அன்ரி," என்று தமிழில் சொல்லிக்கொண்டே, அவவின் விரலைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, பெயரின் மேல் வைத்துவிட்டாய்.

பிறகு எல்லாருமாகத் தேத்தண்ணி குடித்தோம். அவ சின்ன வயதில் கோதுமைமா மூட்டைக்குள் விழுந்த கதையைச் சொன்னா. அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம் என்றா, பாடிக்கொண்டே மா குழைப்பா என்றா. மகன் ஒவ்வொன்றுக்கும், "இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே," என்றார். "நீ கேட்டால்தானே," என்றா அவ.

பிறகு உனக்கு மருந்துக்கு மாறாத வருத்தம் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், உனக்கும் பிடிக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தாதி கொண்டுவந்து வைத்த பழைய நாவலின் தலைப்புப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏழாவது அச்சு. ஆனாலும் வாசிக்கலாம்," என்று அவவுக்குச் சொன்னாயே, அதை மட்டும் எழுதுகிறேன். உன் இறுதிப் பூசைக்கு டோரதி அன்ரி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தா. மகன் ஒரு தட்டு நிறையக் கரும்புப்பாணி பிஸ்கற் சுட்டுக் கொண்டுவந்தார். என் காதருகே குனிந்து, "தேக்கரண்டிதான் போட்டேன்," என்றார். மண்டபத்தில் நின்று, கறுப்புச் சேலையோடு, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் மனுசன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். அன்றைக்கு அது மெய்.

உனக்குத் தெரியும், ஆட்களுக்கு முன்னால் ஆங்கிலம் கதைக்க எனக்கு எப்போதும் பயம். எங்கே போனாலும் நீ கேட்பாய், நான் பின்னால் நிற்பேன். இப்போது பின்னால் நிற்க எனக்கு ஆளில்லை. அதனால் நானே கேட்கிறேன். தெரியாத ஆட்களின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, ஒருதரம் பார்த்துவிட்டுத் தரவா என்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. பிழைவிட்டால், கதிரையை இழுத்துப் போட்டு, அப்படியென்றால் உண்மையானது எப்படி இருக்கும் என்று கேட்கிறேன். எனக்குள் இந்த ஆளும் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் எங்கள் பகுதி நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு சின்ன அறை, வட்டமாகப் போட்ட கதிரைகள். மக்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கி, எங்கே பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். முதலில் நாங்கள் இதைப் புரட்டுவோம், பிறகு நாங்கள் இங்கே பார்ப்போம், இது இப்படி இருந்தால் நாங்கள் நம்ப மாட்டோம். இலக்கணம் தாறுமாறாகத்தான் போனது. ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள் போல, முடியும்போது கையை உயர்த்தினாள்.

"அன்ரி, நீங்கள் வீ, வீ, நாங்கள் நாங்கள் எண்டே சொல்லுறீங்கள். மற்ற ஆள் ஆர்?"

"என்ரை சிநேகிதி," என்றேன்.

"அவவும் வந்திருக்கிறாவா?"

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இருக்கவில்லை. "இண்டைக்கு வரேல்லை, பிள்ளை," என்று சொல்லிவிட்டு, அவள் மடியில் வைத்திருந்த புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். "கொண்டா, அதையும் நாங்கள் பாப்பம்."